ஒன்றரை மணி நேரம்

எபேன், ஏழாவது மாடி.
விசிறிச் சின்னத்தில் ஒரு கோடும் குறையவில்லை.
கீழே பொடி எழுத்தில் மட்டும்
'இணைந்துள்ளது, இணையம் இல்லை.'
பந்தியில் உட்காரவைத்துவிட்டு
இலை போடாமல் போய்விட்டார்கள்.

காலை ஒன்பதுக்குப் புதுச் சான்றிதழ் ஒன்று
வந்து இறங்கியது, அதோடு சரி.
அணைத்துப் போட்டேன்.
இந்த நெட்வொர்க்கை மறந்துவிடு என்றேன்.
மறந்தது.
மறுபடி காட்டியதும்
முன்பின் பார்க்காத முகத்தோடு கடவுச்சொல் கேட்டது.
விமானப் பயன்முறையில் போட்டு எடுத்தேன்.
சனிக்கிழமைதான் நானே விமானத்தில் வந்தேன்.
அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை
என்றுதான் அப்போது நினைத்தேன்.

பக்கத்து மேசை வனேசா
பிரெஞ்சில் யாரையோ சமாதானப்படுத்துகிறாள்.
அவளுக்கு எல்லாம் வருகிறது,
நடுநடுவே வேறு ஒரு சன்னலில்
நாய்க்குட்டி ஒன்று மாடிப்படி இறங்குகிறது.

உதவிக்கு டிக்கெட் போட வேண்டுமாம்.
டிக்கெட் போட இணையம் வேண்டுமாம்.
பதினொன்றரைக்குத்தான் கூட்டம், பரவாயில்லை,
மடிக்கணினியைக் கைக்குழந்தைபோல்
இடுக்கிக்கொண்டு இறங்கினேன்.

நான்காவது மாடியில் ஒருவர்,
கழுத்துப் பட்டையில் மகேன் வைதெலிங்கும்.
வைத்தியலிங்கம் என்று நான் வாசித்ததும்
அப்படியா சொல்ல வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டார்.
ஆர்வம் இல்லாமல் இல்லை,
ஆனால் கண் என் திரையில் இருந்தது.

கறுப்புச் சன்னல் திறந்து ஒரு வரி தட்டினார்.
நூற்று அறுபத்தொன்பதில் தொடங்கும் ஒரு நீள எண்.
"இது யாரும் கொடுத்த முகவரி இல்லை.
கேட்டுப் பார்த்திருக்கிறது, பதில் வரவில்லை,
தானே ஒன்று வைத்துக்கொண்டது."
சட்டென்று அந்தப் பெட்டியின்மேல்
எனக்கு ஒரு மரியாதை வந்தது.

அந்த முகவரியைப் பிடுங்கி
முறையாகக் கேட்கவைத்தார்.
பத்தில் தொடங்கும் நல்ல எண் கிடைத்தது.
ஆனாலும் வாசல் திறக்கவில்லை.
கேபிள் செருகினார். திறக்கவில்லை.
யாருக்கோ போன் செய்து கிரியோலில் பேசினார்,
அந்தப் பக்கமும் சிரிப்புச் சத்தம்,
என்னைப் பற்றியா என்று கேட்க மொழி இல்லை.
கண்ணாடிக்கு வெளியே கோர் தெ கார்த் மலை
மல்லாந்து படுத்திருந்தது,
அதற்கு எந்த மெயிலும் வர வேண்டியதில்லை.

பிறகு சான்றிதழைத் திறந்து படித்தார்.
செல்லுபடியாகும் நேரம்: இன்று காலை ஒன்பது முதல்.
திரையில் மணி ஒன்பது ஐம்பத்து மூன்று.
சுவரில் மணி ஒன்பது ஐம்பத்து மூன்று.
எல்லாம் சரியாக இருக்கிறது என்பதே
அவரை உறுத்தியது.

மணியின்மேல் அம்புக்குறியை வைத்தார்.
சென்னை, என்றது.

விமானம் இறங்கியதும்
முள்ளை ஒன்றரை மணி நேரம் பின்னால் தள்ளியிருந்தேன்,
மணியை மாற்றினேன்,
ஊரை மாற்றவில்லை.
சென்னையில் ஒன்பது ஐம்பத்து மூன்றென்றால்
இந்தத் தீவில் இன்னும் எட்டரைகூட ஆகவில்லை.
நான் யாரென்று சொல்லும் தாள்
இன்னும் பிறக்கவே இல்லை.

"பத்தரை வரை சும்மா உட்கார்ந்திருந்தால்
தானாகவே சரியாகியிருக்கும்" என்றார் மகேன்.
இப்படிச் சரியாகிப்போனவைதான்
தன் வேலையில் பாதி என்றும் சொன்னார்.

பட்டியலில் போர்ட் லூயியைத் தேடி
ஒரு சொடுக்கு, மணியை ஒத்திசைக்க இன்னொன்று.
வாசல் திறந்தது.
மெயில்கள் புளியம்பழம் உலுக்கியதுபோல் கொட்டின.
நன்றி சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் நாட்காட்டியில் கட்டங்கள்
ஒவ்வொன்றாக மேலே நகர்ந்தன,
பதினொன்றரைக் கூட்டம்
ஏறிப் போய்
பத்து மணியில் உட்கார்ந்தது.

சுவரில் ஒன்பது ஐம்பத்தெட்டு.
லிஃப்ட் தரைத்தளத்தில் நிற்கிறது.
மூடாத கணினியோடு படியேறி ஓடுகிறேன்,
ஐந்தாவது மாடித் திருப்பத்தில்
சிக்னல் ஒரு கோடு குறைகிறது.